எண்பது மில்லிமீற்றர்

கணினியே பார்த்துக்கொள்ளும் என்றார் அமலதாஸ்.
சூடு ஏறினால் வேகமாய்ச் சுற்றும்,
இறங்கினால் மெல்ல.
இதற்குக் கையால் திருகி எதற்கு,
முந்நூறு ரூபாய் வீண்.

வேண்டும் என்றேன்.
ஏன் என்று சொல்லவில்லை.

மல்லாவிச் சந்தியில்
போட்டோக்கொப்பி, கடவுச்சீட்டுப் படம், படிவம் நிரப்புதல்
மூன்றும் நடக்கிற கடை என்னுடையது.
பெட்டியின் பின்பக்கத்தில்
உள்ளங்கை அகலம்கூட இல்லாத விசிறி.
‘பான் ஒண்டு’ என்று வவுனியாவுக்குச் சொல்லிவிட்டால்
பஸ்காரப் பெடியன்
பாணோடு வந்து நிற்பான்.

அமலதாஸ் பெட்டியைத் திறந்தார்.
சிவப்பு மண் மாவாய் அரிபட்டு
ஏழு இறக்கையிலும் படிந்திருந்தது,
தெருப் போட்டவர்கள் விட்டுப்போன மிச்சம்.
பல்துலக்கும் தூரிகையால் தட்டினார்.
சிவப்பு வயரை வெட்டி
இடையில் திருகியைக் கோர்த்து
மேசை விளிம்பில் பூட்டினார்.
‘நல்லாய்க் குறைச்சு வைச்சு நிப்பாட்டினால்
திரும்ப எழும்பாது.
முழுசாய்த் திறந்து ஓடவிட்டு
பிறகு இறக்குங்கோ.’

அவர் போனதும் கதவை ஒருக்களித்துவிட்டுத்
திருகினேன்.

முழு வேகத்தில் அது குளவி.
பாதியில் தையல் மெசின்.
அதற்கும் கீழே, எட்டு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாய்
ஓரிடம் இருக்கிறது.
அங்கே
என் இடது காதுக்குள் பதினைந்து வருடமாய்
யாரோ அணைக்காமல் விட்டுப்போன அந்த ‘ங்’
விசிறிக்குள் போய் ஒளிந்துகொண்டது.

இரண்டு சத்தமும் ஒன்றாகி
இல்லாமல் போயின என்று எழுத ஆசை.
அப்படி இல்லை.
விசிறி கேட்டது. விசிறி மட்டும் கேட்டது.
வெளியே ஒரு உழவு இயந்திரத்தைப் பின்னுக்கு எடுத்தார்கள்,
அதுவும் கேட்டது.

பிழை அழிக்கிற வெள்ளை மையால்
திருகியில் ஒரு கோடு போட்டேன்.

மூன்று நாள் நல்ல காலம்.

நாலாம் நாள் வைகாசி வெயில்,
கரண்ட் வந்து வந்து போகிற பகல்.
பத்திநாதன் வந்தார்,
யானை முறித்த பதினொரு தென்னைக்கு
நட்டஈட்டு விண்ணப்பம்.
எட்டாவது தென்னை வரை அடித்திருப்பேன்.
திரை கறுத்தது.
பெட்டியைத் தொட்டால் தோசைக்கல்.

‘சேவ் பண்ணேல்லையோ?’
பண்ணேல்லை.

என் காது ஆறட்டும் என்று
அதன் மண்டையைக் காயவிட்டேன் என்பதை
அவருக்கு எப்படிச் சொல்வது.
பழியை யானையில் போடலாமோ என்றும்
ஒரு கணம் யோசித்தேன்.

ஆறவிட்டு, முழுசாய்த் திறந்தேன்.
குளவி எழும்பியது.
முதலாம் தென்னையிலிருந்து தொடங்கினேன்.

பத்திநாதன் வாங்கிலில் இருந்தபடி
கன்னத்தைச் சொறிந்தார்.
தெருவைப் பார்த்தார்.
பிறகு தலையை வலப்பக்கம் சாய்த்தார்.
எனக்குத் தெரிந்த சாய்ப்பு அது.

‘தங்கச்சி,
முந்தி இருந்த மாதிரி அதை ஒருக்கா வைக்கேலுமோ?
இப்ப இல்லை.
அடிச்சு முடிஞ்சாப்பிறகு.’

பதினோராம் தென்னை.
பெயர், திகதி, ஒப்பம் வைக்கப் புள்ளிக்கோடு.
சேமித்தேன், இரண்டு தரம்.
பிறகு மெல்ல இறக்கினேன்,
கோட்டுக்கு வந்ததும் கையை எடுத்தேன்.

அவர் இல்லை என்று தலையாட்டினார்.
‘கொஞ்சம் மேலை.’
ஒரு நெல்மணி அகலம் மேலே.
‘இன்னும்.’
பிறகு
‘ம்.’

எந்த இடம், எந்தக் காது, எந்த மாதம்
ஒன்றும் நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.
திரை மூலையில் சூட்டின் இலக்கம்
அறுபத்தெட்டு, எழுபத்தொன்று.
எண்பதில் நான் திறந்தாக வேண்டும்.
அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும்,
அந்த மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.
எழுபத்திரண்டு.

வெள்ளை மைப் போத்தலைக் குலுக்கினேன்.

திருகியில் இப்போது இரண்டு கோடு.
அமலதாஸ் வந்தால்
என்னவென்று கேட்பார்.