பதினேழாவது கிளிப்பு

பாலர் வகுப்புச் சுவரில் நான்கு முகங்கள்,
மணிலா அட்டையில் நானே வரைந்தவை.
சிரிப்பு, அழுகை, கோபம், பயம்.
பயத்துக்கு வாய் எப்படி இருக்கும் என்று தெரியாமல்
ஒரு கோடு இழுத்து விட்டுவிட்டேன்.
செம்பனை ஆலைப் புகைபோல்
அது ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கிறது.

காலையில் வந்ததும் பதினாறு பேரும்
பெயர் எழுதிய துணிக் கிளிப்பை
அன்றைக்கு எந்த முகமோ அதில் மாட்டவேண்டும்.
ஈப்போவில் இரண்டு நாள் பயிற்சியில் கற்றது.
மதியம் கொய்தியாவ் கொடுத்தார்கள், சாயங்காலம் சான்றிதழ்.

லோஷினி தினமும் சிரிப்பு.
துவாரகேஷ் தினமும் கோபம். கேட்டால்,
"அந்த மூஞ்சிதான் டீச்சர் பெருசா இருக்கு."
யஷ்வின் மாட்டுவதே இல்லை.
கால்சட்டைப் பைக்குள் கிளிப்பை
திறந்து மூடி, திறந்து மூடி.
குலை ஏற்றிய லாரி பள்ளியைத் தாண்டும்போது மட்டும்
அந்தச் சத்தம் கேட்காது.

செவ்வாய்க்கிழமை அவன் லோஷினியைக் கடித்தான்.
மணிக்கட்டுக்கு மேலே
பொடிப் பொடியாய் ஏழு பல்.

நான் கத்தினேன்.
பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு
ஆறேழில் நின்றுபோனது.
பத்திலிருந்து பின்னோக்கி எண்ணும் மூச்சு,
குழந்தையின் கண்ணளவு குனிவது,
எல்லாம் ஈப்போவிலேயே தங்கிவிட்டிருந்தன.
யஷ்வின் மேசைக்கடியில் போனவன்
பசியாறக்கூட வெளியே வரவில்லை.

வெளியே சிமெண்டுத் தரையில்
டீச்சர் விளையாட்டு நடந்தது.
கையில் பிளாஸ்திரியோடு லோஷினிதான் டீச்சர்.
பென்சில் டப்பாவைக் கைப்பேசிபோல் பிடித்துப் பார்த்தாள்.
வைத்தாள். மறுபடி பார்த்தாள்.
நெற்றியை இரண்டு விரலால் தேய்த்துக்கொண்டு
ஒன்றுமே செய்யாத தனுஷிகாவிடம் திரும்பி,
"எத்தன தடவ சொல்றது!"

நெற்றியைத் தேய்ப்பேன் என்று
எனக்கே தெரியாது.
ஜொகூரில் இருக்கிற மனிதருக்கு நான் அனுப்பியவை,
இரண்டு நீலக்கோடு விழுந்தும் பதில் வராதவை,
இந்த ஆறு வயதுக்குத் தெரிந்திருக்கிறது.

அன்று ஆலைச் சங்கு ஊதும்வரை வகுப்பிலேயே இருந்தேன்.
ஒரு கிளிப்பில் 'டீச்சர்' என்று எழுதினேன்.
சுரண்டி அழித்துவிட்டு
'கோகிலவாணி' என்று எழுதினேன்.
இடம் போதாமல் 'ணி' பின்பக்கம் போனது.

மறுநாள் காலை
கை பழக்கத்தில் சிரிப்பு வரைக்கும் போய்விட்டது.
பதினாறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
கையை இறக்கி, கோபத்தில் மாட்டினேன்.

"டீச்சரும் நம்ம ஆளு," துவாரகேஷுக்கு ஒரே சந்தோஷம்.
யாரும் எதிர்பார்க்காத மூலையிலிருந்து யஷ்வின்,
"யாரு மேல?"

"வீட்ல ஒருத்தர் மேல. உங்க மேல இல்ல.
நேத்து அவ்ளோ சத்தமா கத்துனது என் தப்பு."

யோசித்தான்.
"அவர கடிச்சிட்டீங்களா?"

"இல்ல.
கடிக்கணும்போல இருந்துச்சு."

தலையாட்டினான், தொழில் தெரிந்த ஒருவனிடம்
விவரம் கேட்டுக்கொண்டவன்போல.
பிறகு பையிலிருந்து கிளிப்பை எடுத்து
நாற்காலி இழுத்துப்போட்டு ஏறி
கோணல் வாய் முகத்தில் மாட்டினான்.
ஏன் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன்.
கேட்கவில்லை. நாற்காலி ஆடியது,
அதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.
இறங்கி வந்து லோஷினியின் கையைப் பார்த்தான்.
"வலிக்குதா?"
"நேத்து வலிச்சிச்சு," என்றாள், மைலோவை உறிஞ்சியபடி.

இதோடு நான் திருந்திவிட்டேன் என்றில்லை.
வெள்ளிக்கிழமை மறுபடி கத்தினேன்,
சாயத்தண்ணி கொட்டியதற்கு.
பாதி வாக்கியம் வாயில் இருக்கும்போதே
லோஷினி நடந்துபோய்
சிரிப்பில் மாட்டியிருந்த என் கிளிப்பைக் கழற்றி
கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"மாத்தி மாட்டுங்க டீச்சர்."