பின்பக்கம்

மண்டபம் அளக்கப் போன அன்று
ரேப்பின் மறுநுனியைப் பிடிக்க ஆளில்லை.
செருப்பால் மிதித்துக்கொண்டு அளந்தேன்:
அகலம் ஏழு மீற்றர் பத்து,
ஆழம் ஐந்து நாற்பது.
இடப்பக்கம் ஒரு தூண்.
கட்டடப் படத்தில் அது இல்லை;
தூணுக்கு அது தெரியாது.

கொழும்புத்துறையில் இரவு.
கோட்டை இழுத்துத் தளமாக்கி,
தளத்தைப் பிடித்து மேலே தூக்க, மேடை.
அளவுக்கென்று மென்பொருள்
தானாகவே ஒருவனை நிறுத்தி வைத்திருக்கும்:
ஆறடி, நீலச் சட்டை, கைகள் பொக்கற்றுக்குள்.
அவனை அழித்தேன்.
எங்கள் பெனடிக்ராவை வைத்தேன்,
நாலடி பதினொன்று.
அவள் வந்து நின்றதும்
காணிக் கந்தோரின் கவுண்டர்
அவள் நாடிவரை ஏறிவிட்டது.
"அப்பிடியே விடும்," என்றார் சத்தியரூபன்,
"கந்தோர் எண்டால் அப்பிடித்தானே."

ஒன்பது தசம் ஆறு ஏழு வடக்கு என்று கொடுத்தால்
பின்னேரம் நாலு மணி வெயில்
பிசகாமல் கோப்புகளின் மேல் விழுகிறது.
மண்டபத்தில் அந்தச் சூரியன்
இரண்டு விளக்குகள். ஒன்று எரியாது.

ஒத்திகையில் மடிக்கணினியைச் சுற்றி எல்லோரும்.
மவுஸைத் திருப்பக் கந்தோர் சுழன்றது.
"ஐயோ, தலை சுத்துது," பெனடிக்ரா.
யோகலிங்கம் அண்ணை மட்டும் குனிந்து பார்த்தார்,
கடைசிக் காட்சியில் ஒரேயொரு கடிதத்தோடு வருபவர்.
"பிள்ளை, அதுவரைக்கும் நான் எங்கை நிக்கிறது?"

சுவரின் பின்னால் கொண்டுபோய்க் காட்டினேன்.
ஒன்றுமில்லை.
பின்பக்கங்களுக்கென்று மென்பொருள் பூசும்
சாம்பல் நீலம்.
அதன் கீழே தரைகூட இல்லை.
"உதிலை நிண்டால் விழுந்துபோவன்."

அன்றிரவு முன்பக்கத்தைத் தொடவில்லை.
முண்டுகொடுக்கும் சட்டங்கள், மணல் மூட்டை,
நாற்பது நிமிடம் இருக்க ஒரு ஸ்டூல்,
சட்டை கொழுவ ஆணி,
தண்ணீர்ப் போத்தலுக்குத் தட்டு.
கரண்ட் போய் வந்தது; ஸ்டூலைக் காணவில்லை.
திரும்பச் செய்தேன்,
கால்களைக் கொஞ்சம் தடிப்பாக.
தூண், சாய்ந்துகொள்ள உதவியது.
அவருடைய கண்ணளவில், ஐந்தடி ஒன்றில்,
ஒரு விரல் நுழையும் துளை.

எந்தக் கமராக் கோணத்திலும் இவை வரவில்லை.
தயாரிப்பாளருக்கு அனுப்பிய ஆறு படங்களிலும்
சுவர், வெயில், கவுண்டர்.

தாளில் அச்சடித்துக் கொடுத்தபோது
தச்சர் டொமினிக் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.
"உந்த ஆணி மெய்யாத் தேவையோ,
சும்மா வடிவுக்குக் கீறினதோ?"
"தேவை."
பக்கத்தில் இன்னோர் ஆணி கீறினார்.
"ஹெல்மெற்றும் இருக்குமெல்லோ."