விளிம்பில் மருந்து

போன வருஷம் நூறு மீற்றர் இறுதியில்
என் துப்பாக்கி டிக் என்றது.
அவ்வளவுதான்.
ஏழு பிள்ளைகள் குனிந்தபடி நிற்க
நாலாம் ஓடுபாதையில் ஜெனுஷ்கா மட்டும்
அந்த டிக்கை நம்பி ஓடினாள்.
கயிற்றை நெஞ்சால் அறுத்துத்
திரும்பிப் பார்த்தபோது
கூடாரம் முழுக்கச் சிரிப்பு.
மறு ஓட்டத்தில் அவள் ஆறாவது.

ஆகவே இம்முறை மூன்று பெட்டி,
பொலிஸ் பத்திரம் மூன்று பிரதி.
நோக்கம் என்ற கட்டத்தில்
'பிள்ளைகளை ஓட வைக்க' என்று எழுதியிருந்தேன்.
சார்ஜன்ட் நிசங்க வாசித்துவிட்டு
பேனையைக் கீழே வைத்தார்.
நான் வரியை வெட்டி
'ஓட்டத்தைத் தொடக்க' என்று எழுதினேன்.
இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

சின்னத் தோட்டா,
சுண்டுவிரல் நுனியளவு.
குண்டில்லை. வாய் நட்சத்திரமாய் மடிந்திருக்கும்.
பெரிய ரவைகளுக்கு நடு முதுகில் ஒரு பொட்டு,
அங்கே குத்தினால் போதும்.
இதற்குத் தீ
அடிவிளிம்பின் உள்மடிப்பில்.
ஈரமாய் இட்டு, சுழற்றி,
சுற்றிவர ஓட விட்ட மருந்து.
அது போய்ச் சேராத இடம் ஒன்றிருந்து
ஊசியும் அங்கேயே விழுந்தால்
டிக்.
எந்த இடம் என்று வெளியில் தெரியாது.

சனிக்கிழமை காலை, மைதானம்.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான்கள்
கோல் கம்பத்தடியில் மேய்கின்றன.
நிசங்க கதிரை போட்டு, கொப்பியோடு.

முதல் சிவப்புப் பெட்டி, பத்து.
ஏழாவது பேசவில்லை.
கையை இறக்காமல்
வானத்தைப் பார்த்தபடியே முப்பது எண்ணினேன்
(சில மருந்து யோசித்துத்தான் வெடிக்கும்),
கழற்றி, கால் சுற்றுத் திருப்பிப் போட்டேன்.
வெடித்தது.
அதுதான் எனக்குக் கோபம்.
மருந்து இருந்திருக்கிறது,
அடித்த இடத்தில் இல்லை.

மஞ்சள், பத்துக்குப் பத்து.
ஆனால் ஒன்று நெஞ்சில் இடிக்கும்,
அடுத்தது
பக்கத்து வீட்டில் கதவு சாத்தினது போல.
எட்டாம் பாதைப் பிள்ளைக்கு அது காணாது.

பெயர் கிழிந்த மூன்றாவது பெட்டியில்
வாடை மாதத்து உப்பு
பித்தளையைப் பச்சையாக்கியிருந்தது.
துணியால் துடைத்தால் மினுங்கும்.
மினுக்கத்துக்கு மருந்தைப் பற்றி என்ன தெரியும்?
ஐந்தில் இரண்டு செத்தன. மூடிவிட்டேன்.

பிறகு பையிலிருந்து இன்னொரு சிவப்பு.
அதே பெயர், அதே கடை,
அடியில் அச்சிட்ட இலக்கம் மட்டும் வேறு.
வேறு நாள், வேறு கை, வேறு ஈரம்.
இருபது சுட்டேன்.
இருபதும் ஒரே குரலில்.
முதல் வெடிக்குத் தலை தூக்கிய மான்கள்
பதினைந்துக்குப் பிறகு புல்லையே பார்த்தன,
ஒரு பெட்டை மட்டும்
கடைசிவரை ஒரு காதைத் திருப்பியபடி.

மிச்சம் முப்பது. போட்டிகள் இருபத்தேழு.
யாரும் மூன்று தரத்துக்கு மேல் முந்திப் பாயக்கூடாது.

வேலியோரம் சைக்கிளில் ஜெனுஷ்கா.
எப்போது வந்தாளோ.
"மிஸ், திரும்பவும் டிக் எண்டால்
ஓடவா, நிக்கவா?"
சட்டப்படி நிற்க வேண்டும் என்றேன்.
"அது தெரியும், மிஸ்" என்றாள்.
வெறுங்கோது ஒன்றைக் குனிந்தெடுத்து
விளிம்பில் இருந்த நகக்குறி போன்ற பள்ளத்தைப் பார்த்தாள்.
"இவ்வளவு தானா?"

நிசங்க கோதுகளை எண்ணினார்.
நாற்பத்து மூன்று இருக்க வேண்டும்.
மறுபடி எண்ணினார்.
"நாற்பத்திரெண்டு, டீச்சர்."
தெருவில்,
டச்சு விரிகுடாப் பக்கம் திரும்பும் சைக்கிளிலிருந்து
யாரோ கோது வாயில் ஊதும் சன்னமான விசில்.
நான் கொப்பியை வாங்கி
'புல்லில் தொலைந்தது' என்று எழுதினேன்.
அவர் தெருவைப் பார்த்தார்,
கையெழுத்தைப் போட்டார்.