ஏணி

நேற்றிரவு சோனகத் தெரு முனையில்
நான் கிழித்த முகம் ரைசுதீனுடையது.
விடிய, வைத்தீஸ்வரன் கோயிலில்
திருநீற்றுக்கு நீட்டிய கையில்
பசை காய்ந்திருந்தது.

அவன் பள்ளிவாசல் பாங்குக்கு
என் மணிக்கூட்டைத் திருத்துகிறவன் நான்.
நோன்புக் கஞ்சி வந்த தூக்குவாளியைக்
கழுவி, கதலிப்பழம் போட்டுத் திருப்பி அனுப்புவேன்.
பாசையூர் அந்தோனியாருக்கும்
ஆனியில் ஒரு கட்டு மெழுகுதிரி.
எந்தக் கடவுளோடும் எனக்குத் தகராறில்லை.
ஒரு வாக்கு. அதை
என் கட்சிக்கு எதிராகக் கேட்டுவிட்டான்.

தொண்ணூறு ஐப்பசியில்
இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள் அவர்களுக்கு.
அதற்கு முதல் நாளும்
நாங்கள் நல்ல அயலவர்தான்.
அன்றைக்கு நான் எதையும் கிழிக்கவில்லை.
படலையைச் சாத்தினேன்,
அவ்வளவுதான்.

இன்று மத்தியானம்
பசை வாளியோடு வந்து நிற்கிறான்.
"அண்ணை, உங்கட ஏணியை ஒருக்காத் தருவியளோ?
ஆரோ கிழிச்சுப் போட்டாங்கள்."
என் நகங்களைப் பார்த்தான் போலிருந்தது.

அந்த ஏணிக்கு ஒரு கால் கட்டை.
பிடிக்காவிட்டால் ஆடும்.
பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் வாக்கு அவனுக்கில்லை.
மேலே நின்று அவன் கேட்டதும் அதையல்ல:
"நேராய் இருக்கோ?"

கொஞ்சம் இடப்பக்கம் சரிந்திருந்தது.
சொன்னேன்.