எழுநூறு மில்லி

கைப்பேசியைக் குக்கர்மேல் சாய்த்தேன். சரிந்தது.
புளி டப்பாவை முட்டுக்கொடுத்ததும் நின்றது.
"வணக்கம், என் பெயர் எழிலரசி" என்று தொடங்கும்போது
கீழே தெருவில்
பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்காரரின் ஒலிபெருக்கி.
ஓட்டேரியில் பகல் பதினொரு மணிக்கு
யாரும் தன் கதையைச் சொல்லிவிட முடியாது.

இரண்டாவது முறை
தலை வாரி, பவுடர் போட்டு உட்கார்ந்தேன்.
ஓட்டிப் பார்த்தால்
பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால்
காபித் தட்டோடு நிற்கிறவள் மாதிரி இருந்தது.
அழித்தேன்.

மூன்றாவதில் 'நம்பிக்கை' என்று
நான்கு முறை சொல்லியிருக்கிறேன்.
இரவல் பல்செட் போல
வாய்க்குள் கடகடத்தது அந்தச் சொல்.
அதையும் அழித்தேன்.

ஒன்பது வருடம்.
வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம்.
கூட்டினால், இரவு பகலாக
இருநூற்று முப்பத்து நாலு நாள்
ஒரே கட்டிலில்.
"மூணு நிமிஷத்துக்கு மேல போனா பார்க்க மாட்டாங்கக்கா"
என்கிறாள் ஊசி போடும் பெனிட்டா.
புதிதாக வருகிறவர்கள் அழுதுகொண்டே வருகிறார்களாம்,
அவர்களுக்குக் காட்ட.

எதை வெட்ட?
முதல் வருடத்து அழுகையை வெட்டலாம்.
அவர்களிடமே இருக்கிறது.
நாத்தனாரை வெட்டலாம்.
அவளே வெட்டிக்கொண்டு போனவள்.
வெள்ளம் வந்த டிசம்பரில்
மீன்பாடி வண்டியில் குந்திக்கொண்டு
இடுப்பளவு தண்ணீரில்
புரசைவாக்கம் வரை போனேனே
அதை வெட்ட மாட்டேன்.
ஊரெல்லாம் தண்ணீர்.
எனக்கு ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி,
காபியும் மோரும் ரசமும் சேர்த்து.
வண்டியை மிதிக்க முடியாமல்
இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தவரிடம்
பெயர் கேட்க மறந்துபோனேன்.

இடது கையில் புடைத்து ஓடும் நரம்பு.
பேருந்தில் குழந்தைகள் முறைத்துப் பார்ப்பதால்
கத்திரி வெயிலிலும் முழுக்கை ரவிக்கை.
கதவைச் சாத்தி, கையை மடக்கி
கைப்பேசியை அதன்மேல் வைத்து
ஒலியை மட்டும் பதிந்தேன்.
மேல்மாடி மோட்டார்,
தொட்டியில் தண்ணீர் தீர்ந்த பிறகும்
யாரும் அணைக்காத மோட்டார்.
அவர் காதில் வைத்துக் கேட்டார்.
"பூனை" என்றார்.

பழைய பதிவுகளைத் துழாவும்போது
விரல் பட்டுத் தானாக ஓடிய நாற்பது நொடி.
கூரை மின்விசிறி. இயந்திரத்தின் கீச்சு.
அடுத்த கட்டில் ஃபர்சானாவின் குரல்:
"எழிலு, இன்னிக்கு எங்க வீட்டுல நண்டு.
அவங்களுக்குக் குழம்பு, எனக்கு வாசனை."
பிறகு அவள் சிரிப்பு, பிறகு இருமல், பிறகும் சிரிப்பு.
ஆவணியிலிருந்து அந்தக் கட்டிலில் வேறொருவர்.
நல்லவர்தான். பேப்பரைச் சத்தமாகப் படிப்பார்.
இதைச் சேர்க்கலாமா என்று
ஃபர்சானாவின் மகனிடம் கேட்க வேண்டும்.
மூன்று நாளாக அந்த எண்ணை
எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

கடைசிக் காட்சியை அவர் எடுத்தார்.
இரவு ஒன்பதரை. எவர்சில்வர் டம்ளர்.
அன்றைய பங்கில் மிச்சம் அறுபது மில்லி.
குடிக்க வேண்டும், அவ்வளவுதான் காட்சி.
படத்தில் நான் விழுங்காமல்
தண்ணீரை நாக்குக்கு அடியில் வைத்திருக்கிறேன்.
கன்னத்துக்குக் கன்னம் மாற்றுகிறேன்.
கண் மூடியிருக்கிறது.
இப்படித்தான் குடிக்கிறேன் என்று
எனக்கே தெரியாது.
அந்த இடத்தில் படம் ஆடுகிறது.
"கை வலிச்சுது" என்றார்.
நான் ஒன்றும் கேட்கவே இல்லை.

ஆட்டத்தைச் சரிசெய்ய
ஒரு பொத்தான் இருக்கிறதாம், பெனிட்டா சொன்னாள்.
வேண்டாம் என்றேன்.

இப்போது மூன்று நிமிடம் பதினோரு நொடி.
பதினோரு நொடி அதிகம்.
நாளை புதன், ஊசி நாள்.
வியாழக்கிழமை பார்க்கலாம்.