கடைசி இலக்கம்

டாக்ஸியில் முன் இருக்கையில் நான் உட்காருவதில்லை.
டோங்காட்டிலிருந்து வெருலம் போகிறவர்களுக்குத் தெரியும்,
முன்னால் இருப்பவன்தான் காசாளன்.
பின்னாலிருந்து தோள்தட்டித் தோள்தட்டி நோட்டுகள் வரும்:
"இதில் மூன்று பேர்", "இதில் ஒன்று, பாக்கி நாலு".
ஓட்டுநர் சாலையைப் பார்ப்பார்.
பன்னிரண்டு பேர் என் பிடரியைப் பார்ப்பார்கள்.

அதனால் மழையிலும் அடுத்த வண்டிக்கு நின்றிருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு, இரண்டாம் முறை.
ஏழாம் வாய்ப்பாடு என்றாலே வயிறு கலங்கும்.
மேசைக்கடியில் விரல் மடக்கி எண்ணுவேன்;
பத்தைத் தாண்டினால் கால்விரலும் உதவிக்கு வரும்,
ஷூவுக்குள்ளே, யாருக்கும் தெரியாமல்.

ஒரு திங்கட்கிழமை மிஸ் வீராசாமி
பிஸ்கட் டின் நிறைய கால்குலேட்டர் கொண்டுவந்தார்.
துறைத்தலைவர் ஸோண்டி வாசலில் நின்று சொன்னார்:
"எந்திரம் கொடுத்தால் மூளை தூங்கிவிடும்."
"இவர்கள் மூளை வாய்ப்பாட்டு வாசலிலேயே
நாலு வருஷமாக நிற்கிறது, சார்.
உள்ளே என்னதான் இருக்கிறது என்று
ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும்."

முதல் நாள் நாங்கள் ஒன்றும் படிக்கவில்லை.
பூஜ்யத்தால் வகுத்து வகுத்து
அது திணறுவதைப் பார்த்து ஒரே குஷி.
ஆக, உனக்கும் வராதது ஒன்று உண்டு.

செவ்வாய்:
"ஒன்றை ஏழால் வகு. இரண்டை. மூன்றை.
எழுதிவை. பேசாமல் பார், கெர்ஷன்."

நோக்வாண்டா அழுத்தினாள், நான் எழுதினேன்.
0.1428571429
0.2857142857
0.4285714286

கரும்பு லாரி ஒன்று சன்னலை அதிரவைத்துப் போனது.
"ஒரே டாக்ஸி," என்றாள் நோக்வாண்டா,
"ஏறுகிற இடம் மட்டும் வேற."
ஒன்று நாலு இரண்டு எட்டு ஐந்து ஏழு,
மறுபடி ஒன்று நாலு இரண்டு...
"அப்போ முதல் வரி எட்டில் முடியணும்," என்றேன்,
"ஒன்பதுன்னு இருக்கே."

வாழ்நாளில் முதல்முறை
ஒரு கணக்கில் தப்பு என்னுடையதாக இல்லை.

கை தூக்கினேன்.
"நிரூபி" என்று மட்டும் சொல்லிவிட்டு
மிஸ் பின்வரிசைக்குப் போய்விட்டார்.

பத்து இலக்கத்தோடு எந்திரத்தின் சன்னல் முடிகிறது.
அதற்கப்புறம் கையால்தான்.
ஐந்தாம் வகுப்பில் நான் கைவிட்ட நீள்வகுத்தல்,
அதே மாடிப்படி, படிக்குப் படி ஒரு மீதி.
பெருக்கல் மறந்த இடத்தில் மட்டும் எந்திரம்:
ஏழெட்டு? ஐம்பத்தாறு. நன்றி, போ.
மீதி மூன்று. மீதி இரண்டு. ஆறு, நாலு, ஐந்து,
ஒன்று.

ஒன்றா?
ஒன்றில்தானே ஏறினோம்!

ஏழால் வகுத்தால் மீதி உட்கார ஆறே இடம்.
ஏழாவதாக வருவது யாராக இருந்தாலும்
ஏற்கெனவே பார்த்த முகமாகத்தான் இருக்க வேண்டும்.
மணி அடித்தபோது இருபத்திரண்டாம் இலக்கத்தில் இருந்தோம்.
அங்கேயும் எட்டு.

எந்திரம் பொய் சொல்லவில்லை. இடமில்லாமல்
கடைசியை மேலே தள்ளி முடித்துக்கொண்டது,
சில்லறை இல்லையென்று முழு ரேண்டாக்கும் கடைக்காரர்போல.
மிஸ் இதைப் புதன்கிழமைதான் சொன்னார்.
எங்களுக்குச் செவ்வாய் மாலையே சந்தேகம்.

ஜூன் தேர்வில் நாற்பத்தொன்று.
நோக்வாண்டா அறுபத்தாறு, அதை அவளே எல்லோரிடமும் சொல்வாள்.
ஏழெட்டு இன்னும் சில நாள் என்னோடு பிணங்கும்.

நேற்றும் மழை. முன் இருக்கை மட்டும் காலி.
ஏறிவிட்டேன்.
மூன்று பேருக்கு ஐம்பது வந்தது. தலைக்குப் பதினாறு.
பாக்கி இரண்டு என்று வாய் தானாகச் சொன்னது.
எல்லாம் வசூலித்து எண்ணினால்
இரண்டு ரேண்ட் குறைகிறது.
என் பையிலிருந்து போட்டுவிட்டு
எங்கே விட்டேன், எங்கே விட்டேன் என்று
ஒவ்வொரு நோட்டாகப் பின்னோக்கிப் போனேன்.
வெருலம் வரும்போது பிடிபட்டது:
மூன்றாம் வரிசைத் தொப்பிக்காரர், இருபது கொடுத்தவர்,
நாலுக்குப் பதில் ஆறு வாங்கிக்கொண்டு
எப்போதோ இறங்கிப் போயிருந்தார்.