அட்டையின் பின்பக்கம்

எனக்குப் பெயர் வாலண்டினா.
விண்வெளிக்குப் போனவளின் பெயரென்று
அப்பா யாரைக் கண்டாலும் சொல்வார்.
பள்ளியில் வாலு.
ரேஷன் கார்டில் இன்னமும் வலண்டீனா,
மூன்று மனு கொடுத்தாயிற்று.

தாலாட்டுக்கு முன்னால் கோஷம் கேட்டவள் நான்.
மணலி கம்பெனி கேட்டில்
அப்பா தோளில் உட்கார்ந்து
எதற்கென்று தெரியாமல் ஒழிக ஒழிக என்றேனாம்.
காவலுக்கு வந்த போலீஸ்காரர் ஒரு பிஸ்கட் நீட்ட
ஒழிகவை நிறுத்திவிட்டு வாங்கிக்கொண்டேனாம்.
அதை வைத்து அப்பா இன்றைக்கும் ஓட்டுகிறார்.

இப்போது பதினாறு.
போன மாதம் நாலு நாள்
அழுகின முட்டை வாடை, ஜன்னலை மூடினாலும்.
எண்ணூர் நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்தோம்.
சித்தி போன் செய்தாள்:
"வெயில்ல குந்தி இன்னும் கறுத்துடாதடி,
ஏற்கெனவே உங்கப்பன் கலரு."
காற்றைத்தான் கேட்கிறோம் சித்தி, கலரை இல்லை
என்று சொல்ல வாயெடுத்து
துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன்.
இழுத்துக்கொண்டேன் என்பதையும்
எழுதத்தானே வேண்டும்.

எங்கள் வகுப்பில் திபாகர்.
ஒரிசா என்றால் ஒடிசா என்று திருத்துவான்.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் தாண்டி
ஆறு பேர் படுக்கிற அறை.
தமிழில் என்னைவிட நாலு மார்க் கூட.
நாங்கள் இன்னா என்பதை
அவன் பாடப்புத்தகம் மாதிரி என்ன என்பான்,
அதற்கும் சிரிப்போம்.

அரையாண்டுப் பரீட்சையன்று
ஜெபசீலியின் போனைக் காணோம்.
யாரும் யார் பெயரையும் சொல்லவில்லை.
சார் நேராகப் போய் அவன் பையைக் கவிழ்த்தார்.
ஒரு காம்பஸ்.
காகிதத்தில் சுற்றின ரெண்டு சப்பாத்தி.
தங்கச்சியின் வளையல் ஒன்று, ரப்பர்.
சமத்துவம் பற்றிப் பேசி
மண்டல அளவில் இரண்டாம் பரிசாக
எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கியவள் நான்.
அன்றைக்கு என் ஷூ லேஸ் அவிழவே இல்லை.
குனிந்து கட்டிக்கொண்டிருந்தேன்.

போன் அவள் வீட்டுக் கட்டிலில் கிடந்தது.

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன்.
"பாவம்தான்" என்றார்.
சோற்றைப் பிசைந்துகொண்டே,
"ஆனா இந்த வடக்கனுங்களை இறக்கித்தான்
நம்ம ஸ்டிரைக்கை ஒடைச்சான்."
ஒடிசா வடக்கு இல்லப்பா, கிழக்கு.
"எல்லாம் ஒண்ணுதான்."

மேடையில் எல்லாரும் ஒண்ணு என்பார்.
தட்டுக்கு முன்னால்
ஒரு ரு உதிர்ந்துவிட்டது.

பீரோவில், பாலித்தீன் உறைக்குள்,
ரங்கூனிலிருந்து கப்பலேறின தாத்தாவின் அட்டை.
வியாசர்பாடிக் குழாயடியில் அப்போது
"பர்மாக்காரனுங்க வந்து தண்ணியை முடிச்சிட்டானுங்க" என்றார்களாம்.
சொல்லிச் சொல்லி என்னை வளர்த்தது அப்பாதான்.
அதை எடுத்து அவர் முன்னால் வைத்திருக்கலாம்.
ஜெயித்திருப்பேன்.
ஆனால் அந்த ஸ்டிரைக்கில் போன வேலை
இன்னும் திரும்பவில்லை.
ராத்திரி ஷிப்ட்டில் ஏதோ ஏடிஎம்முக்குக் காவல் நிற்கிறார்.
மோர் ஊற்றட்டுமா என்று கேட்டேன்.

அடுத்த போராட்டத்துக்கு அட்டை எழுதினேன்.
பின்பக்கத்தை திபாகரிடம் நீட்டி
ஒடியாவில் எழுதித் தா என்றேன்,
உங்களுக்கும் இதே காத்துதானே.
அவன் மார்க்கரைத் திறந்தான், முகர்ந்தான், மூடினான்.
"போலீஸ் வந்தா உன்னை வீட்டுக்குப் போன்னுவாங்க.
எங்கப்பாவை ஆதாரை எடும்பாங்க.
கம்பெனில வேற தெரிஞ்சா..."
அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.
பை கவிழ்ந்தபோது நீ எங்கே இருந்தாய் என்று
அவன் கேட்கவே இல்லை.
நான்தான் காத்திருந்தேன்.

சனிக்கிழமை சாலையில்
அந்த அட்டையை அப்பா பிடித்திருந்தார்.
எழுத்து ஊரைப் பார்த்து,
வெள்ளை எங்களைப் பார்த்து.
"இந்தப் பக்கம் ஏன் காலியா விட்ட?"
எழுத ஆள் வரலப்பா.
"யாரு?"
சொன்னேன்.

கோஷத்தில் அப்பா ஒரு வரியைத் தவறவிட்டார்.
அடுத்த வரிக்கு ஏறிக்கொண்டார்,
கொஞ்சம் தாமதமாக.